வஞ்சி முடிந்த பின்: வேற்றுக்கோள் படையெடுப்புப் புதினமும் தமிழ் வாசிப்பும்

திறவுச்சொற்கள்: அறிவியல் புனைகதை, படையெடுப்புப் புதினம், எச்.ஜி.வெல்ஸ், வஞ்சி, காஞ்சி, காலனியம், திண்டுக்கல்

முன்னுரை

அறிவியல் புனைகதை பற்றிய ஆய்வுகள் தமிழ்த்துறைகளில் பெருகிவருகின்றன. இவ்வாய்வுகளில் எச்.ஜி.வெல்ஸ் (1866–1946) என்னும் பெயர் பெரும்பாலும் முன்னுரையில் ஒருமுறை வந்து மறைகின்றது. அறிவியல் புனைகதையின் தோற்றம் கூறும் பத்தியில் ஜூல் வெர்னுக்கு அடுத்து அவர் பெயர் இடம்பெறும். காலப்பொறி, கண்ணுக்குப் புலனாகா மனிதன், செவ்வாய்க்கோளினரின் படையெடுப்பு ஆகிய கதைப்பொருள்கள் சுட்டப்படும். பின்னர் ஆய்வு தமிழ்ப் படைப்புகளை நோக்கி நகர்ந்துவிடும்.

1897இல் ஏப்ரல் முதல் திசம்பர் வரை பியர்சன்ஸ் இதழில் தொடராக வெளிவந்து, 1898இல் நூலான 'உலகங்களின் போர்' (தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்) என்னும் புதினம் இவ்வாறு கடந்து செல்லத்தக்கதன்று. காலனிய ஆட்சிக்குட்பட்ட ஒரு நிலத்தின் வாசகர், அதுவும் புறத்திணை மரபை உடைய ஒரு மொழியின் வாசகர், அந்நூலிடம் கேட்க வேண்டிய வினாக்கள் வேறு. படையெடுத்தோர் திடுமென வந்தனர், அழித்தனர், தாமே அழிந்தனர் என்று வெல்ஸ் கதையை முடிக்கின்றார். நம் வரலாற்றில் படையெடுத்தோர் வந்தனர், தங்கினர். இவ்வேறுபாட்டைத் தொடக்கமாகக் கொண்டு அப்புதினத்தையும் தமிழ் அறிவியல் புனைகதையையும் மீண்டும் படிக்க வேண்டும் என்பதே இக்கருத்துரையின் வாதம். திண்டுக்கல் நகரும் அதனைச் சூழ்ந்த சமவெளியும் இவ்வாதத்திற்குரிய களமாக இங்குக் கொள்ளப்படுகின்றன.

படையெடுத்தவரின் அச்சம்

வெல்சின் புதினம் தனித்துப் பிறந்ததன்று. 1871 மே மாதத்தில் பிளாக்வுட்ஸ் இதழில் 'டோர்க்கிங் போர்' என்னும் நெடுங்கதை வெளிவந்தது. அயல்நாட்டுப் படை இங்கிலாந்தில் கரையிறங்கி அந்நாட்டை வீழ்த்துவதாக அமைந்த இக்கதை, பின்னர் வந்த படையெடுப்புப் புனைவுகளுக்கெல்லாம் வழிகாட்டியாயிற்று. இதனை எழுதிய ஜார்ஜ் செஸ்னி வங்காளப் பொறியாளர் படையின் அதிகாரி. 1857இல் டெல்லி முற்றுகையில் காயமுற்றவர். இந்தியப் பொதுப்பணிக்குப் பொறியாளரை உருவாக்கக் கூப்பர்ஸ் ஹில்லில் அமைந்த கல்லூரியின் தலைவராகவும் விளங்கியவர். தன் நாடு பிறரால் கைப்பற்றப்பட்டால் எவ்வாறிருக்கும் என்னும் கற்பனையைத் தொடங்கி வைத்தவர், பிறர் நாட்டைக் கைப்பற்றிய படையில் பணியாற்றியவர் என்பது கருதத்தக்கது.

வெல்ஸ் இவ்வச்சத்தை மேலும் ஓர் அடி கொண்டு சென்றார். விக்டோரியா அரசியின் ஆட்சி வைரவிழா 1897 சூன் மாதத்தில் இலண்டனில் கொண்டாடப்பட்டபொழுது, அதே இலண்டனைச் செவ்வாய்க்கோளினர் அழிக்கும் கதை இதழில் தொடர்ந்துகொண்டிருந்தது. வோக்கிங் அருகிலுள்ள ஹோர்செல் பொதுவெளியில் உருளை ஒன்று விழுகின்றது. அதிலிருந்து வெளிப்பட்டோர் முக்கால் இயந்திரங்களில் நடந்து, வெப்பக் கதிராலும் கரும்புகையாலும் ஊர்களை அழிக்கின்றனர். உலகின் மிக வலிய பேரரசின் பீரங்கிகள் அவர்முன் பயனற்றுப் போகின்றன.

இக்கதைக்குரிய வினாவைத் தம் தமையன் பிராங்க் எழுப்பியதாக வெல்ஸ் கூறியுள்ளார். நூலும் அவருக்கே உரிமையாக்கப்பட்டுள்ளது. டாஸ்மேனியத் தொல்குடியினரின் நிலத்தில் ஐரோப்பியர் இறங்கியதைப் போல வேற்றுக்கோளினர் இங்கிலாந்தில் இறங்கினால் என்ன நேரும் என்பதே அவ்வினா. முதல் இயலிலேயே செவ்வாய்க்கோளினரை வெறுக்குமுன் தம் இனத்தார் டாஸ்மேனியருக்குச் செய்ததை எண்ணிப் பார்க்குமாறு கதைசொல்லி வாசகரை வேண்டுகின்றார். ஆங்கில ஆய்வுலகில் ஸ்டீபன் அராட்டா (1990) 'தலைகீழ்க் காலனியாக்கம்' என்னும் கருத்தாக்கத்தை டிராகுலாவை முன்வைத்து விளக்கினார். ஜான் ரைடர் (2008) அறிவியல் புனைகதை என்னும் வகைமையின் தோற்றத்தையே காலனியத்தோடு இணைத்து ஆராய்ந்தார். ஆயினும் இவ்வாய்வுகள் பெரும்பாலும் ஆண்டவரின் மனச்சான்றை ஆராய்வன. ஆளப்பட்டவர் அதே நூலைக் கையில் எடுத்தால் எதனைக் காண்பார் என்பதை ஆராய வேண்டியவர் நாமே.

இங்கு ஒரு திருத்தமும் தேவை. டாஸ்மேனியர் முற்றாக அழிந்துவிட்டனர் என்பது வெல்ஸ் காலத்து நம்பிக்கை. அத்தொல்குடியினரின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். தம் உரிமைகளைக் கோரியும் வருகின்றனர். படையெடுத்தவரின் கதைக்கு இரு முடிவுகளே தெரியும்: வந்தவர் அழிதல், அல்லது இருந்தவர் அழிதல். இருவரும் ஒரே நிலத்தில் எஞ்சி வாழும் நீண்ட காலம் அக்கதைக்குள் அடங்குவதில்லை.

தமிழாய்வில் இரு பழக்கங்கள்

இந்நூலை உரியவாறு படிக்கவிடாமல் தடுக்கும் இரு பழக்கங்கள் நம் ஆய்வுகளில் உள்ளன. ஒன்று, கருவிப் பட்டியல். ஒரு புதினத்தில் இடம்பெறும் இயந்திரங்களையும் கதிர்களையும் எண்ணி, அவற்றுள் எவை பின்னர் உண்மையாயின என்று காட்டுவதோடு ஆய்வு நிறைவடைகின்றது. வெப்பக் கதிர் லேசர்க் கதிரின் முன்னறிவிப்பு, கரும்புகை நச்சுவாயுப் போரின் முன்னறிவிப்பு என்று எழுதிவிட்டால் புதினம் வாசிக்கப்பட்டதாகாது. கருவி யார்மேல், எந்த உரிமையில் பயன்படுத்தப்படுகின்றது என்பதே புதினத்தின் வினா.

மற்றொன்று, முன்னோடிப் பெருமை. ஓட்டுநர் இன்றிச் செல்லும் வானூர்தி பற்றிய குறிப்பு புறநானூற்றின் 27ஆம் பாடலில் உள்ளது. அதனைக் கொண்டு அறிவியல் புனைகதை சங்க காலத்திலேயே தமிழில் இருந்தது என்று நிறுவும் முயற்சிகளை நாம் அறிவோம். நல்வினை செய்தோர் எய்தும் மேலுலகம் பற்றிய நம்பிக்கையின் பகுதியாக அப்பாடலில் வருவதை, அச்சூழலிலிருந்து பிரித்தெடுத்து இயந்திரமாக்குவது பாடலுக்கும் நன்மை செய்வதில்லை. புனைகதைக்கும் நன்மை செய்வதில்லை.

இவ்விரு பழக்கங்களும் வெளித்தோற்றத்தில் எதிரெதிரானவை. முதலாவது மேலைநாட்டு நூலை அளவுகோலாக்கித் தமிழை அளக்கின்றது. இரண்டாவது தமிழை அளவுகோலாக்கி மேலைநாட்டு நூலைப் பின்னுக்குத் தள்ளுகின்றது. இரண்டிலும் பொதுவாக விடுபடுவது வாசிப்பு. தமிழ் மரபிலிருந்து இப்புதினத்திற்கு நாம் கொண்டுவரத்தக்கது வானூர்தியன்று, இலக்கணம். படையெடுப்பைப் பொருளாகக் கொண்டு, அதன் படிநிலைகளைத் திணையும் துறையுமாக வகுத்த ஒரு பொருளிலக்கணம் நம்மிடம் உள்ளது. அதனைத் திறனாய்வுக் கருவியாகக் கையாள்வது முன்னோடி உரிமை கோருவதாகாது.

வஞ்சியும் காஞ்சியும்

மண்மேல் கொண்ட ஆசையால் ஒரு வேந்தன் மற்றொரு வேந்தன்மேல் செல்வதைத் தொல்காப்பியம் வஞ்சித்திணை என்கின்றது. முல்லைக்குப் புறனாக அதனை வைக்கின்றது. வெல்ஸ் தம் முதல் இயலில் செவ்வாய்க்கோளினரின் வரவிற்குக் கூறும் காரணமும் மண்ணாசையே. குளிர்ந்து முதுமையடைந்துவரும் தம் கோளைவிட்டு, நீரும் பசுமையும் நிறைந்த மற்றொரு நிலத்தை அவர்கள் நோக்குகின்றனர். வேற்றுக்கோளினரை அரக்கராகப் படைக்காமல் மண்ணாசை கொண்ட அறிவுடையோராகப் படைத்தமையால்தான் அவரை வஞ்சியின் எல்லைக்குள் வைத்துப் பேச முடிகின்றது.

வஞ்சித்துறைகளுள் கொற்றவள்ளை தனித்து எண்ணத்தக்கது. வென்ற வேந்தனின் புகழைக் கூறி, அவன் பகைவர் நாடு அழிந்ததற்கு இரங்குவது இத்துறை. உருவப்பஃறேர் இளஞ்சேட்சென்னியைப் பரணர் பாடிய புறநானூறு நான்காம் பாடல் இத்துறையினது. அவனைப் பகைத்தோர் நாடு தாயில்லாக் குழந்தையைப் போல் ஓயாது அழுவதாக அப்பாடல் முடிகின்றது. அழுகை பகைவர் நாட்டினுடையது. பாடலோ வென்றவன் முன் பாடப்படுவது. தோற்றவர் துயருக்கு வஞ்சியில் இடமுண்டு, குரல் இல்லை. அக்குரல் கேட்க வேண்டுமாயின் திணை மாற வேண்டும். பறம்பை இழந்த பாரி மகளிரின் பாடல் (புறம். 112) பொதுவியல் திணையில் கையறுநிலைத் துறையாக வகுக்கப்பட்டுள்ளது. பறம்பு என்று பொதுவாக அடையாளம் காணப்படும் பிரான்மலை திண்டுக்கல்லுக்குக் கிழக்கே, இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது.

இவ்வகைப்பாடு வெல்சின் நூலுக்கு ஒளி தருகின்றது. அந்நூல் கொற்றவள்ளையிலிருந்து வென்றவனின் புகழை நீக்கிவிட்டு, அழும் நாட்டிற்கே குரல் தருகின்றது. பெயரிடப்படாத கதைசொல்லி தன் மனைவியைப் பிரிகின்றார். இடிந்த வீட்டில் ஒளிந்து கிடக்கின்றார். உடனிருந்த சமயகுருவைத் தம் உயிர் காக்க அடித்து வீழ்த்துகின்றார். இலண்டன் மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறும் இயல்கள், பேரரசின் தலைநகரத்தாரை ஏதிலிகளாகக் காட்டுகின்றன.

காஞ்சித்திணையின் இருபொருள் இன்னும் பொருத்தமானது. தொல்காப்பியத்தில் காஞ்சி பெருந்திணைக்குப் புறன். உலகின் நிலையாமையைக் கூறுவது. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில் காஞ்சி, வஞ்சி சூடி வந்த பகைவனை எதிர்த்துத் தன் நாட்டைக் காப்பது. ஒரே பெயர் இரு நூல்களில் இரு பொருள் தருவதை மரபு வேறுபாடாகக் காட்டி நாம் கடந்துவிடுகின்றோம். வெல்சின் புதினத்தில் இவ்விரண்டும் ஒன்று மற்றொன்றாக மாறுகின்றன. வெய்பிரிட்ஜ் அருகே பீரங்கிப் படை ஒரு முக்கால் இயந்திரத்தை வீழ்த்தும் வரையில் அது வெண்பாமாலைக் காஞ்சி. எதிர்ப்புச் சிதைந்து, மனிதன் இவ்வுலகின் தலைவன் என்னும் எண்ணமே கதைசொல்லியிடம் அழியும்பொழுது அது தொல்காப்பியக் காஞ்சி. எதிர்த்து நிற்றல் தோற்றபின் நிலையாமை உணரப்படுகின்றது என்னும் இவ்வுறவு, நம் காஞ்சிப் பாடல்களையும் மீண்டும் படிக்கத் தூண்டுவது.

தங்கிய படை: திண்டுக்கல்

இந்நிலையில் வெல்சின் முடிவை எண்ணிப் பார்க்க வேண்டும். எந்தப் படைக்கலமும் வெல்ல முடியாத செவ்வாய்க்கோளினர் மண்ணுலகின் நுண்ணுயிரிகளால் மடிகின்றனர். எண்ணற்ற தலைமுறைகள் நோயுற்று இறந்து பெற்ற எதிர்ப்பாற்றல், இம்மண்ணை மனிதனுக்கு உரிமையாக்கியது என்பது கதைசொல்லியின் விளக்கம். டி.எச்.ஹக்ஸ்லியிடம் உயிரியல் கற்ற வெல்சுக்கு இது தக்க அறிவியல் முடிவு. வரலாற்று முடிவாக இது பொருந்துமா என்பதற்குத் திண்டுக்கல் விடை தரும்.

மதுரை நாயக்கர் காலத்தில் பதினேழாம் நூற்றாண்டில் அரணாக்கப்பட்ட திண்டுக்கல் மலைக்கோட்டை, 1755 முதல் ஐதர் அலியின் வளர்ச்சிக்குக் களமாயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனி 1767இல் இதனைக் கைப்பற்றி 1768இல் இழந்தது. 1783இல் மீண்டும் கைப்பற்றி 1784இன் மங்களூர் உடன்படிக்கைப்படி திருப்பிக் கொடுத்தது. 1790இல் மூன்றாம் முறை கைப்பற்றியது. 1792இன் சீரங்கப்பட்டண உடன்படிக்கை இப்பகுதியைக் கம்பெனிக்கு உரிமையாக்கிற்று. இவ்வாட்சியை எதிர்த்துத் திண்டுக்கல் பாளையக்காரரை ஒன்றிணைத்த விருப்பாச்சி கோபால நாயக்கர் 1801இல் பிடிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். உழிஞையும் நொச்சியும் மாறி மாறி நிகழ்ந்த அக்குன்றின்மேல், 1792க்குப் பின் நிகழ்ந்தது எந்தத் திணைக்கும் உரியதன்று: வரிவிதிப்பு, நிலஅளவை, நீதிமன்றம், ஆவணம்.

எதிர்ப்பு அடக்கப்பட்ட சில ஆண்டுகளில் இந்நிலத்தைக் காய்ச்சல் தாக்கிற்று. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிப் பகுதிகளில் பரவிய கொள்ளைக்காய்ச்சலின் காரணத்தை அறியச் சென்னை அரசு மருத்துவக் குழு ஒன்றை அமைத்தது. அதன் அறிக்கை 1816இல் இலண்டனில் நூலாக வெளிவந்தது. நுண்ணுயிர்க் கோட்பாடு பிறவாத காலம் அது. வெல்சின் தருக்கப்படி இம்மண்ணின் நோய் வந்தவரை அழித்து இருந்தவரைக் காத்திருக்க வேண்டும். காய்ச்சல் ஊர்தோறும் உழுகுடிகளைத்தான் கொண்டு சென்றது. ஐரோப்பியரும் இந்நாட்டில் காய்ச்சலால் இறந்தனர், ஆட்சி இறக்கவில்லை. வெல்சின் தொடர் வெளிவந்த 1897ஆம் ஆண்டின் ஆகத்தில் ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவின் உடலில் கண்டார். நுண்ணுயிர் பற்றிய அறிவு, வந்தவர் இந்நிலத்தில் தங்குவதற்குத் துணையாகிக்கொண்டிருந்த காலத்தில்தான் நுண்ணுயிர் வந்தவரை விரட்டும் கதை எழுதப்பட்டது.

தாவரத்திலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். செவ்வாய்க்கோளினரோடு வந்த செங்களை நீர்நிலைகளில் மண்டிப் பரவி, சில நாள்களில் நோயுற்று அழுகிப் போவதாக வெல்ஸ் எழுதுகின்றார். வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பகுதிகளின் வறண்ட நிலங்களிலும் கண்மாய்களிலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. சீமை என்னும் அடைமொழியே அதன் வரவைச் சொல்கின்றது. அது அழுகவில்லை. அதனை வேரோடு அகற்ற உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது. அதேவேளை, அம்மரத்தை வெட்டி விறகாக்கியும் கரிமூட்டம் போட்டும் பிழைக்கும் குடும்பங்கள் தென்மாவட்டங்களில் பல. நிலத்தடி நீரைக் கெடுக்கும் அந்நியம் என்றும், வறட்சியில் அடுப்பெரித்த துணை என்றும் இருவகையாகவும் அதனைப் பேசும் மக்களே இங்குள்ளனர். தங்கிவிட்ட ஒன்றைப் பற்றிப் பேசும்பொழுது மொழி இவ்வாறுதான் இரட்டைப்படும்.

வெல்ஸ் இதனை அறியாதவரல்லர். 'பட்னி குன்றின்மேல் இருந்த மனிதன்' என்னும் இயலில் பீரங்கிப்படை வீரன் ஒருவன், செவ்வாய்க்கோளினர் தங்கிவிட்டால் என்ன நேரும் என்பதை விரித்துரைக்கின்றான். அச்சத்திலேயே வாழ்ந்து பழகிய எழுத்தர்கள் கூண்டில் கிடைக்கும் உணவிற்கு மகிழ்வர்; சிலர் வளர்ப்பு விலங்காவர்; சிலர் தம் இனத்தாரையே வேட்டையாடப் பழக்கப்படுவர்; எஞ்சியோர் பாதாளச் சாக்கடைகளில் மறைந்து நூல்களைக் காக்க வேண்டும் என்கின்றான். அவன் சொல்வீரன் என்பதை விரைவில் உணர்ந்து கதைசொல்லி அவனைவிட்டு நீங்குகின்றார். அடுத்த இயலில் செவ்வாய்க்கோளினர் இறந்து கிடக்கின்றனர். ஆங்கில வாசகர் நிம்மதியடையும் இவ்விடத்தில் தமிழ் வாசகர் நிற்க வேண்டும். அவ்வீரன் அச்சத்தோடு கற்பனை செய்ததை நம்மவர் நாட்குறிப்பாக எழுதியுள்ளனர். புதுச்சேரியில் துய்ப்ளேக்சின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 முதல் 1761 வரை நீள்கின்றது. அதனை விலங்கான மனிதனின் குறிப்பு என்று எவரும் கூறார். விடுதலையான மனிதனின் குறிப்பு என்றும் கூற இயலாது. வெல்சின் இயல் தொடங்கி நிறுத்திவிட்ட கதை அதில் தொடர்கின்றது.

தமிழ்ப் புனைவில் வேற்றுக்கோள்

இந்நோக்கில் தமிழ்ப் படைப்புகளை அணுகினால், அவற்றின் குறையாகக் கருதப்பட்டது ஓர் இயல்பாகத் தோன்றக்கூடும். 1963இல் ஏ.காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.இராமச்சந்திரனும் பி.பானுமதியும் நடித்து வெளிவந்த 'கலை அரசி' திரைப்படம், வேற்றுக்கோளினர் மண்ணுலகிற்கு வருவதைக் காட்டிய இந்தியப் படங்களுள் முற்பட்டது. அக்கோளினர் அறிவியலில் உயர்ந்தவர், கலையில் பின்தங்கியவர். அவர்கள் நிலத்தைக் கைப்பற்ற வரவில்லை. தமக்கு இசை கற்பிக்கப் பாடகி ஒருத்தியைக் கவர்ந்து செல்கின்றனர். இதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குவது எளிது. அரசியல் விடுதலை பெற்றுப் பதினாறு ஆண்டுகளே ஆன சமூகம், அறிவியல் வன்மை மிக்க அயலார் நம்மிடம் எதனைக் கவர வருவர் என்று தன்னைக் கேட்டுக் கொண்டு, கலை என்று விடை கூறியிருக்கின்றது. பொருளும் உழைப்பும் கவரப்பட்ட வரலாற்றை அவ்விடை மறைக்கின்றதா, மாற்றுகின்றதா என்பது ஆய்வுக்குரியது.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' (1980கள்) மற்றொரு திசையைக் காட்டுகின்றது. அதில் விண்ணிலிருந்து எவரும் வருவதில்லை. எதிர்கால இந்தியாவில் ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சி, ஒவ்வோர் உயிரையும் எண்ணிக் கணக்கிட்டு உரிமம் வழங்குகின்றது. அச்சம் வெளியிலிருந்து வரும் படையைப் பற்றியதன்று; உள்ளே தங்கி, பதிவேடு வைத்து ஆளும் அதிகாரத்தைப் பற்றியது. படையெடுப்புக் காட்சிகள் குறைவாக இருப்பதைத் தமிழ் அறிவியல் புனைகதையின் வறுமையாகக் கொள்வதற்குமுன், தங்கிய அதிகாரத்தை எழுதுவதே அதன் நாட்டமோ என்று ஆராய வேண்டும். இஃது ஒரு கருதுகோளே. இரு படைப்புகள் அதனை நிறுவப் போதா. ஆயினும் கருவிப் பட்டியலால் எழுப்ப முடியாத கருதுகோள் இது.

எழக்கூடிய தடைகள்

இவ்வாசிப்பிற்கு இரு தடைகள் எழக்கூடும். தொல்காப்பியத் திணைகளை ஆங்கிலப் புதினத்தின்மேல் ஏற்றுவது காலமுரண் ஆகாதா என்பது முதல் தடை. அரிஸ்டாட்டிலின் துன்பியல் கோட்பாட்டைச் சிலப்பதிகாரத்தோடு பொருத்திப் பார்க்கும் ஆய்வுகளை நாம் ஏற்கின்றோம். கோட்பாடு எத்திசையில் பயணம் செய்தாலும் அளவுகோல் ஒன்றே: அது நூலில் முன்பு காணாத ஒன்றைக் காட்டுகின்றதா? காட்டாவிடின் கைவிட வேண்டியதுதான்.

இரண்டாவது தடை கடுமையானது. ஆளப்பட்டவர் என்னும் நிலையை மட்டும் தமிழ் வாசகர் ஏற்றுக்கொள்வது முறையா? வஞ்சித்திணையை வகுத்தவர் நாமே. பகைவர் ஊர் எரிவதைப் புகழாகப் பாடியதும் நம் இலக்கியமே. இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு (1025) நம் பாடநூல்களில் பெருமையாகவே இடம்பெறுகின்றது. சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியை அதன் சொல்வளத்திற்காகவும் சந்தத்திற்காகவும் கற்பிக்கின்றோம். கலிங்க நாட்டார் அதனை எவ்வாறு படிப்பர் என்று வகுப்பில் கேட்பதில்லை. வெல்ஸ் தம் பேரரசு புகழின் உச்சியில் இருந்த ஆண்டில், தம் வாசகரிடம் டாஸ்மேனியரை நினைவூட்டினார். அந்நூலைக் காலனிய எதிர்ப்பு நூலாக மட்டும் வாசித்து, நம் மரபின் வஞ்சியை வினவாது விடுவோமாயின் அந்நூலின் நேர்மையில் பாதியை இழந்தவராவோம். இத்தடை இவ்வாசிப்பை மறுக்கவில்லை, அதனை நிறைவாக்குகின்றது.

முடிவுரை

1938 அக்டோபர் 30இல் ஆர்சன் வெல்ஸ் இப்புதினத்தை வானொலி நாடகமாக்கியபொழுது செவ்வாய்க்கோளினரை நியூ ஜெர்சியில் இறக்கினார். 1953இல் வெளிவந்த திரைப்படம் அவர்களைக் கலிபோர்னியாவில் இறக்கியது. ஒவ்வொரு மறுவாசிப்பும் கதையைத் தன் நிலத்திற்குக் கொண்டு சென்றுள்ளது. தமிழாய்வும் அவ்வாறு செய்ய உரிமையுடையது. அதற்கென மூன்று பணிகளை முன்வைக்கலாம்.

முதலாவது, 'உலகங்களின் போர்' புதினத்தின் முழுமையான, விளக்கக் குறிப்புகளோடு கூடிய தமிழ் வடிவம் ஒப்பிலக்கியப் பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டும். டாஸ்மேனியக் குறிப்பும் பட்னி குன்று இயலும் சுருக்கத்தில் விடுபடலாகாது. இரண்டாவது, பாளையக்காரர் எதிர்ப்புக் காலத்துக் கதைப்பாடல்கள், அறிக்கைகள், நாட்குறிப்புகள் ஆகியவற்றைப் படையெடுப்புப் புனைவுகளோடு ஒருங்குவைத்துப் படிக்கும் ஆய்வுகள் வேண்டும். நா.வானமாமலை முதலானோர் பதிப்பித்த கதைப்பாடல்களை நாட்டார் வழக்காற்றியல் வகுப்பறைக்குள் மட்டும் வைத்திருப்பதால் இவ்வொப்பீடு நிகழாமல் போகின்றது. மூன்றாவது, அறிவியல் புனைகதை ஆய்வேட்டின் தலைப்பை ஏற்குமுன் நெறியாளரும் ஆய்வுக்குழுவும் ஒரு வினாவைக் கேட்க வேண்டும்: இப்புனைவில் கருவி யார் கையில் உள்ளது, யார் நிலத்தில் இயங்குகின்றது? இவ்வினாவிற்கு இடமில்லாத ஆய்வேடு பட்டியலாகவே முடியும்.

இலண்டனில் செவ்வாய்க்கோளினரின் உடல்களைப் பறவைகள் கொத்தியதோடு வெல்சின் போர் முடிகின்றது. திண்டுக்கல் மலைக்கோட்டையைக் கைப்பற்றியவர் எவரும் அவ்வாறு முடியவில்லை; ஆவணமாகவும் வரியாகவும் மரமாகவும் மொழியாகவும் சமவெளியில் இறங்கித் தங்கினர். வஞ்சி முடிந்தபின் தொடங்கும் அந்நெடுங்காலத்திற்குத் தொல்காப்பியமும் திணை வகுக்கவில்லை. வெல்சும் இயல் எழுதவில்லை. தமிழ் அறிவியல் புனைகதை அதனை எழுதியுள்ளதா, எழுதத் தொடங்கியுள்ளதா என்று தேடுவது நம் ஆய்வின் பணி.